கடல் வயலின் கண்காணா உழவர்கள்



ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறாய்த் திரண்டு, எங்கள் கலசப்பாக்கத்தைத் தொட்டுச் சென்று, பாலாற்றோடு கலந்து வங்கக் கடலை நாடுகிறது. மலைமண்ணின் உப்புச் சத்துக்களும் அதனோடு செல்கின்றன. ஆயினும், கடல்வாழ் உயிர்கள் அனைத்திற்கும் ஆறுகள் தரும் சத்து மட்டும் போதுமா? போதாது. ஒருமுறை பயன்பட்ட சத்தையே கடல் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. அதற்கு உழைப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள்.

நான் வகுப்பில் பாடம் நடத்திய நாட்களில், பாக்டீரியா என்றதும் மாணவர்கள் நோயையே நினைப்பார்கள். கடலிலோ பாக்டீரியா இல்லையேல் மீன் இல்லை. வெயில் படும் மேல்நீரில் நுண்பாசிகள் கரியமிலவாயு, நைட்ரேட், பாஸ்பேட் முதலியவற்றைக் கொண்டு வளர்கின்றன. அவற்றைச் சிறு பிராணிகளும், அப்பிராணிகளை மீன்களும் உண்ணுகின்றன. மடிந்த உடல்களும் கழிவுகளும் ஆழத்தில் இறங்குகையில், பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து மறுபடியும் உப்புக்களாக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையோரம் அடிநீர் மேலெழுந்து அவ்வுப்புக்களைக் கொணர்கிறது. நுண்பாசி பெருகுகிறது, அதை உண்டு மத்தி மீன் செழிக்கிறது.

இந்தக் கடல்களைப் பற்றிய அறிவு ஒரு நாளில் கிட்டியதன்று. 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் கூடி இந்து மகாசமுத்திரத்தை ஆராய்ந்தன. நம் கடற்படைக் கப்பல் ‘கிஸ்த்னா’வும் அதிற் பங்கு கொண்டது. அம்முயற்சியின் பயனாக 1966-இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. இன்று கோவாவிலிருந்து பணியாற்றும் அந்நிறுவனத்தார் அரபிக் கடலில் ஒரு விந்தையை ஆராய்ந்து வந்துள்ளனர். அங்கே இடையாழத்தில் பிராணவாயு மிகக் குறைவு. ஆகவே சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. சத்தை மீட்டுத் தரும் இனத்திலேயே, அதைக் கடலினின்று போக்குவனவும் இருக்கின்றன!

இக்கணக்கில் மனிதன் கை வைத்தால் என்னாகும்? 2009-இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற கப்பலில் தென்கடலுக்குச் சென்றனர். சோதனையின் பெயர் ‘லோஹாஃபெக்ஸ்’. ‘லோஹா’ என்றால் இந்தியில் இரும்பு. இரும்புச் சத்துக் குறைந்த அக்கடலில், சுமார் 300 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அவர்கள் இரும்பைக் கரைத்தனர். நுண்பாசி பெருகிக் கரியமிலவாயுவை உட்கொண்டு ஆழத்தில் அமிழ்ந்தால், உலகின் வெப்பம் தணிய வழி பிறக்குமா என்று அறியும் நோக்கம் அது. கடலுக்குத் தீங்கு நேருமோ என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது.

நடந்தது யாது? பாசி முளைத்தது; ஆனால் சிறு பிராணிகள் அதனை மேய்ந்துவிட்டன. கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம் என்னும் பாசிகளே இவ்வகைச் சோதனைகளில் மிகுதியாய்ப் பெருகி அமிழ்பவை. அவற்றின் ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா அந்நீரில் இல்லை. ஆழத்திற்குச் சென்ற கரி மிகச் சொற்பமே.

நெல்லுக்கு ஓர் உரம் மட்டும் இட்டால் போதாது என்பதை நம் உழவர் அறிவர். கடல் வயலுக்கும் அதுவே விதி. அதன் கண்காணா உழவர்களை முற்றும் அறியுமுன் அவ்வயலைத் திருத்தப் புகுதல் தகாது. அறியும் கடமை, இளைஞர்களே, உங்களுடையது.