சனிக்கிழமைப் பிற்பகலும் ஒரு தையற்கலைஞரும்

மிதிவண்டியில் சென்று, வெட்டவெளியில் கூடாரமிட்டு, ஓரிரவு தங்கித் திரும்பும் வழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வண்டியிலிருந்தே தொடங்குவர். 1885-இல் ஸ்டார்லியின் ரோவர், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் என்று அது செல்லும். இவை இன்றியமையாதவையே. ஆயினும் நம்முடைய ஐயம் வேறு. வண்டி வைத்திருந்தவனுக்கு அந்த ஓரிரவு எங்கிருந்து கிடைத்தது?

1850-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்றது அச்சட்டம். வயதுவந்த ஆண்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாதிப் பேர் வெளியேறியபின் ஆலையை ஓட்டுவது எப்படி? ஆண்களுக்கும் அது அரைநாள் விடுப்பாயிற்று; பிற தொழில்களுக்கும் மெல்லப் பரவியது. சனி பிற்பகல் முதல் ஞாயிறு மாலைவரை ஏறத்தாழ முப்பது மணி நேரம், நடுவே ஓரிரவு. (எந்தப் பெண்களின் பெயரால் இச்சலுகை வந்ததோ, அவர்களுடைய சனிக்கிழமைப் பிற்பகலை வீட்டுத் துப்புரவும் கடைவேலையும் விழுங்கிக்கொண்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

இந்த முப்பது மணி நேரத்துக்கேற்ப ஒரு கலையை வகுத்தவர் தாமஸ் ஹிரம் ஹோல்டிங். 1844-இல் பிறந்தவர், இலண்டனில் தையல் தொழில் நடத்தியவர், ஆடை வெட்டும் முறை பற்றிய நூல்களை எழுதியவர். ஒன்பது வயதில், 1853-இல், அமெரிக்கப் புல்வெளிகளைப் பெற்றோருடன் மாட்டுவண்டித் தொடரில் கடந்தவர். அந்தப் பயணத்தின் வானமும் தீமூட்டமும் அவரை விட்டு அகலவில்லை. ஆனால் தொழில் நடத்தும் ஒருவர் மாதக்கணக்கில் புல்வெளி கடக்க முடியுமா? முடியாது. எனவே புல்வெளியைச் சுருக்கினார். மெல்லிய பட்டுத்துணியில் கூடாரம், கையடக்க அடுப்பு, ஒன்றினுள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள். ஒவ்வொரு பொருளின் எடையையும் அவர் கணக்கிடும் முறை, அளவுநாடாவோடு வாழ்ந்தவருக்கே உரியது. இதை வெறும் பித்து என்று நாம் கருதவில்லை. மூட்டை பெருத்தால் ஆயத்தம் பெருக்கும். ஆயத்தம் பெருத்தால் சனிக்கிழமை அதிலேயே தீர்ந்துவிடும்.

அயர்லாந்தின் கானமாராப் பகுதியில் மிதிவண்டியில் முகாமிட்ட அனுபவத்தை 1898-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்களின் ஆர்வத்தால் 1901-இல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் உருவாயிற்று. வான்டேஜ் என்னும் ஊரில் நடந்த முதல் முகாமில் இருந்தவர்கள் ஆறு பேர். 1906-இல் சங்கம் தனக்கென ஒரு நிலையான முகாமிடத்தை வெய்பிரிட்ஜில் அமைத்தது. இலண்டனின் நடுப்பகுதியிலிருந்து அது இருபது மைலுக்குள் இருக்கிறது. மதிய உணவுக்குப் பின் புறப்பட்டாலும் பொழுது சாயுமுன் கூடாரம் அடிக்கலாம். 1908-இல் ஹோல்டிங் எழுதிய கையேடு பெரிதும் போற்றப்படுகிறது. நம் பார்வையில் அதைவிடப் பெரிய செயல் இந்த இடத் தெரிவுதான். இடம் அண்மையில் இருந்தால் ஒவ்வொரு வாரமும் போகலாம்.

ஆயினும் எல்லோருக்கும் சனிக்கிழமை வாய்க்கவில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1896-இல் வெளியிட்ட சைக்கிள் நாவலை நண்பர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். அதன் நாயகன் ஹூப்டிரைவர் துணிக்கடைப் பணியாளன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பத்து நாள் விடுமுறையே அவனுக்குரிய காலம். வெல்ஸும் இளமையில் துணிக்கடையில் பயிற்சியாளராக உழன்றவர். கடைகளுக்குச் சனிக்கிழமைதான் வணிகம் மிகும் நாள்; நள்ளிரவை நெருங்கும்வரை திறந்திருந்த கடைகளும் உண்டு. 1911-ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் வாரத்துக்கு ஓர் அரைநாள் விடுப்பு தந்தது. ஆனால் அது பெரும்பாலும் புதன் அல்லது வியாழன் பிற்பகலில் விழுந்தது. மறுநாட் காலையில் மீண்டும் கடை.

தமிழ் இலக்கணம் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்தது. பயணம் என்றதும் நம் மனம் பெரும்பொழுதையே நாடுகிறது. கோடை விடுமுறை வரட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். கலிபோர்னியாவில் ரிவெண்டெல் மிதிவண்டி நிறுவனத்தை 1994-இல் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன் கைவைத்தது சிறுபொழுதின் மீது. மாலையில் புறப்பட்டு, அருகில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலையில் திரும்புவது. மொத்தம் 24 மணிக்கும் குறைவு. இதற்கு 'எஸ்24ஓ' என்று பெயரிட்டார். பெயரில் அழகில்லை, ஆனால் வேலையும் குடும்பமும் உடையவர்கள் பற்றிக்கொள்ள அது போதுமானதாயிருந்தது.

புதன்கிழமை அரைநாள் மட்டுமே பெற்ற கடைப் பணியாளருக்கும் கணக்கின்படி இது இயலும்: விடியலில் கூடாரத்தைச் சுருட்டினால் கடை திறக்குமுன் வந்துவிடலாம். ஆனால் அவர்களில் மிகப் பலர் முதலாளியின் விடுதியிலேயே தங்க வேண்டியிருந்தது. அங்கே இரவில் குறித்த நேரத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள்.