நீதவான் யார், ஆணையாளர் யார்? கோட்டுக்குப் போகும் முன் அறியவேண்டிய சொற்கள்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் "கோட்டுக்குப் போறேன்" என்றால் பெரும்பாலும் பதுளைக்குப் பஸ் ஏறுவது என்று அர்த்தம். அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவர் எல்லோரும் "ஜட்ஜ் ஐயா" தான். செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் இதையே நான் அதிகம் கேட்கிறேன். ஆனால் யார் தீர்ப்புச் சொல்லலாம், யார் கையெழுத்து மட்டும் வைக்கலாம், யார் அறிக்கை மட்டும் எழுதலாம் என்பது தெரியாமல் போனால் காலமும் காசும் வீணாகும். சில வேளைகளில் உரிமையே கைநழுவிவிடும்.

முதலில் நீதவான். கைதானவர் முதலில் முற்படுத்தப்படுவது நீதவான் நீதிமன்றத்தில். விளக்கமறியல், பல குற்றங்களுக்கான பிணை, மரண விசாரணை எல்லாம் இவரிடமே. காணி, கடன், விவாகரத்து வழக்குகளைக் கேட்பவர் மாவட்ட நீதிபதி. பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்ற நீதிபதி. அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உயர் நீதிமன்றம். அதன் தலைவர் பிரதம நீதியரசர்.

இங்கே ஒரு பொறி உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் "உயர் நீதிமன்றம்" என்பது மாநிலத்தின் நீதிமன்றம். அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நமக்கோ உயர் நீதிமன்றமே கடைசிப் படி. வெளிநாட்டில் புகலிடம் கோரும் உறவினருக்காக வழக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் வழக்கே ஒரு படி இறங்கிவிடும்.

சமாதான நீதவானின் பெயரில் "நீதவான்" உண்டு. ஆனால் அவர் வழக்கு விசாரிப்பதில்லை, ஆவணங்களை உறுதிப்படுத்துகிறார். மத்தியஸ்த சபையும் அப்படித்தான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபையின் மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வார்கள். தீர்ப்பு வழங்க மாட்டார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சில வகை வழக்குகளை அது இல்லாமல் தாக்கல் செய்ய முடியாது.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளி போகவேண்டிய இடம் தொழில் நியாய சபை. அங்கே தீர்மானிப்பவரைத் "தலைவர்" என்பார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரையும் அப்படியே அழைப்பதால் குழம்பவேண்டாம். இவருடைய கட்டளை சட்டப்படி செல்லும். விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றத்தின் கட்டளையை வாசலுக்குக் கொண்டுவருபவர் பிஸ்கால். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பதவிப் பெயர் இது. காணிப் பிரிவினை வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் நில அளவையாளரை ஆணையாளர் என்பார்கள். அவர் அளந்து வரைபடம் தருவார். பங்கைத் தீர்மானிப்பவர் நீதிபதி.

ஊவாவில் தமிழருக்கு மிக முக்கியமானவர் மொழிபெயர்ப்பாளர். பழையவர்கள் வாயில் அவர் "முதலியார்". வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் நடக்கின்றன. ஆனால் தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ளவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பு அரசின் பொறுப்பு. விளங்கவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி, போரோடு சேர்ந்து நம் வீடுகளுக்குள் வந்த சொல்: ஆணைக்குழு. இங்கும் இருப்பவர் ஆணையாளர்தான். சாட்சிகளை அழைக்கலாம், விசாரிக்கலாம். ஆனால் அவர் ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுப்பவர். யாரையும் சிறைக்கு அனுப்ப அவரால் முடியாது. ஹாலிஎலயிலிருந்து தொலைவில் இல்லாத பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி தமிழ்த் தடுப்புக்காவலர்கள் 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவில் இருந்தவர் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பி.எச்.கே. குலதிலக. அந்தக் கதிரையில் அவர் நீதிபதி அல்ல, ஆணையாளர். தண்டனை வேறொரு இடத்திலிருந்து வந்தது. ஜூரிகள் இல்லாமல் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் "ட்ரயல் அட் பார்" 2003 ஜூலை 1ஆம் திகதி ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளியாக மிஞ்சவில்லை.

1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில், 2009இல் பிள்ளைகளைக் கையளித்துவிட்டுத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த வேறுபாடு தேவை. காணாமற்போனோர் அலுவலகம் தேடும், பதியும். அது நீதிமன்றம் அல்ல. ஆட்கொணர்வு மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ தாக்கல் செய்யலாம். வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கலான மனுக்களில் முல்லைத்தீவு நீதவானிடம் விசாரித்து அறிக்கை தருமாறு பணிக்கப்பட்டது. அங்கே நீதவான் செய்தது உண்மை அறியும் வேலை. கட்டளை மேல் நீதிமன்றத்தினுடையது.

ஆகவே எந்த மேசைக்கு முன் நின்றாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் பதவி என்ன? நீங்கள் தருவது தீர்ப்பா, அறிக்கையா? இதில் திருப்தி இல்லாவிட்டால் அடுத்து எங்கே, எத்தனை நாளுக்குள் போகவேண்டும்? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு படியிறங்குங்கள்.