கைத்தொலைபேசி விற்ற நாடும் அதைக் கோத்த ஊரும்



ஒரு பொருளின் விலை இறுதியில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது யோங் பெங் வட்டாரத்திற்குப் புதிய கேள்வியன்று. சுற்றியுள்ள தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டினர். தோட்ட நிறுவனங்கள் பலவற்றின் இலாபம் லண்டனில் பங்கிடப்பட்டது. அதே கேள்வியைத் தொழில்நுட்பப் பொருள் ஒன்றின்மீது வைத்துப் பார்க்க, பின்லாந்தின் நோக்கியா நிறுவனத்தின் வரலாறு பெரிதும் ஏற்றது.

1865இல் மரக்கூழ் ஆலையாகத் தோன்றிய நோக்கியா, 1967இல் ஓர் இரப்பர் ஆலையோடும் கம்பிவட ஆலையோடும் இணைந்தது. கைத்தொலைபேசிக்கு முன்னர் இரப்பர் காலணியும் வண்டிச் சக்கரப் பட்டையும் விற்ற நிறுவனம் அது. ஆகவே நமக்கு அது முற்றிலும் அயலானதன்று.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. பின்லாந்து தன் ஏற்றுமதிச் சந்தையில் ஒரு பெரும்பகுதியை இழந்தது. வங்கிகள் தள்ளாடின, 1994இல் வேலையின்மை 16 விழுக்காட்டைக் கடந்திருந்தது. அந்த இருண்ட காலத்திலேதான், 1991 ஜூலை 1ஆம் நாள், ஜிஎஸ்எம் முறையின் முதல் வணிக அழைப்பு நோக்கியா கருவிகளின் வழியே அந்நாட்டில் பேசப்பட்டது. 1998இல் நோக்கியா மோட்டோரோலாவை முந்தி, உலகின் மிகப் பெரிய கைத்தொலைபேசி நிறுவனம் ஆயிற்று.

பின்லாந்தின் மக்கள்தொகையோ அப்போது ஏறத்தாழ 52 இலட்சம். அவர்கள் அனைவரும் வாங்கினாலும் அந்நிறுவனத்தின் விற்பனையில் அது ஒரு துளியே. பணம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2000ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 விழுக்காடும், ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கும் இந்த ஒரே நிறுவனத்தினுடையவை. அந்த வருவாய் பொறியாளர் ஊதியமாகவும், ஆய்வுச் செலவாகவும், நிறுவன வரியாகவும் ஊர்களுக்குள் இறங்கியது. அங்கு நிறுவன வரியில் ஊராட்சிகளுக்கும் பங்குண்டு என்பதால், சாலோ என்னும் சிறு நகரம் அதன் தொழிற்சாலையால் செழித்தது.

2006இல் தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் ஆலை இயங்கத் தொடங்கியது. சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பலர் அங்கே கருவிகளைக் கோத்தனர். உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது கூலி. அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். பல குடும்பங்களில் அதுவே முதல் மாதச் சம்பளம். ஆயினும் வடிவமைப்பும் காப்புரிமையும் வணிகப் பெயரும் பின்லாந்திலேயே இருந்தன.

2007இல் ஐபோன் வந்தபின் சரிவு தொடங்கியது. 2012இல் சாலோவில் கைத்தொலைபேசி உற்பத்தி நின்றது. 2014 ஏப்ரலில் கைத்தொலைபேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் கைக்கு மாறியது. இந்திய வரி வழக்கினால் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது.

ஈரூர்களும் அடிபட்டன, எழுந்த விதம் வேறு. பின்லாந்தில் வேலையிழந்த பொறியாளர்கள் சொந்தத் தொழில் தொடங்க நிறுவனமே நிதி தந்தது. அவர்களிடம் கற்ற வித்தை இருந்தது. வலையமைப்புக் கருவித் தொழிலும் காப்புரிமை வருவாயும் நோக்கியாவிடமே தங்கின. திருப்பெரும்புதூர்ப் பெண்களோ இழப்பீட்டுத் தொகையோடு ஊர் திரும்பினர்.

பூட்டிக் கிடந்த அவ்வளாகத்தை வாங்கப்போவதாக 2019இல் அறிவித்த சால்காம்ப், சாலோவில் வளர்ந்த மின்னேற்றி நிறுவனம். அதன் உரிமை அப்போதே ஒரு சீன நிறுவனத்திடம் போயிருந்தது.