நீல விளக்குக்குப் பின்னால் ஒரு சிஸ்டர்

"பாப்பாவுக்கு மஞ்சள் காமாலையாம், லைட்டுல வெச்சிருக்காங்க."

பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் வரி இது. கண்ணை மூடிக் கட்டி, வெறும் டயாபரோடு நீல வெளிச்சத்தில் குழந்தையைப் பார்த்ததும் பாட்டிமார்களுக்குப் பதறிவிடும். "என் காலத்துல இதெல்லாம் ஏது?" என்பார்கள். உண்மைதான். அந்த விளக்கு வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். பிறந்ததும் அவை வேகமாக உடையும். அதில் வரும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். அதை வெளியே தள்ளும் வேலைக்குக் கல்லீரல் இன்னும் தயாராகியிருக்காது. அதனால் நிறை மாதக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் மஞ்சளாகும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அளவு மிகவும் கூடினால் பிலிருபின் மூளைக்குள் போய்ப் படியும். பிழைத்தாலும் காது கேட்காது, கை கால் முறுக்கிக்கொள்ளும். அந்தப் பாதிப்பு திரும்பாது.

1950களில் இதற்கு இருந்த முக்கிய வழி, ரத்தத்தையே மாற்றுவது. தொப்புளில் குழாய் போட்டு, கொஞ்சம் எடு, கொஞ்சம் ஏற்று என்று மணிக்கணக்கில் செய்யணும். 3 கிலோ குழந்தைக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் ரத்தம். அதிலேயே உயிருக்கு ஆபத்து உண்டு.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பு சிஸ்டர் ஜீன் வார்டு என்பவரிடம். புழுக்கமான அறையைவிட நல்ல காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்பது அவர் நம்பிக்கை. இதமான நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவார்! (எங்கள் சிஸ்டர்கள் சிலர் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.)

1956 கோடையில் ஒரு நாள், துணியை விலக்கி ஒரு குழந்தையை டாக்டர் டாப்ஸிடம் காட்டினார். உடம்பு முழுக்க வெளிறியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். என்ன மருந்து தடவினீர்கள் என்று கேட்டார் டாக்டர். எதுவும் தடவவில்லை, வெயிலின் வேலை என்றார் சிஸ்டர். வெயில்பட்டுக் கறுத்ததோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அது மஞ்சள் காமாலைதான், மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது என்று சிஸ்டர் விளக்கினார். போர்வையின் ஒரு மூலை மூடியிருந்த இடம்தான் அந்த முக்கோணம்.

அப்போதைக்கு விஷயம் அதோடு நின்றது. சில வாரங்கள் கழித்து, ஒரு குழந்தையின் ரத்தக் குழாய் ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்டது. அதில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. அப்போதுதான் சிஸ்டர் காட்டிய முக்கோணத்துக்கு அர்த்தம் புரிந்தது. குழந்தைகளை வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். பிறகு நீலக் குழல் விளக்குகளைத் தொட்டில்மேல் பொருத்தினார்கள். 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கிரீமர், பெர்ரிமேன், ரிச்சர்ட்ஸ். அந்த வரிசையில் சிஸ்டர் வார்டின் பெயர் இல்லை. எனக்கு இது உறுத்தும்.

அமெரிக்கா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள 1968இல் லூசி குழுவின் ஆய்வு வரவேண்டியிருந்தது. பத்து வருஷம்!

தோலில் படும் நீல ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியது கல்லீரலுக்குச் சிரமம் தராமல் பித்தம், சிறுநீர் வழியே போய்விடுகிறது. அவ்வளவுதான். "கரண்ட் வைக்கிறாங்களா டாக்டர்?" என்று பயப்படாதீர்கள். கண்கட்டு ஒளியிலிருந்து கண்ணைக் காக்க. பால் கொடுக்க வெளியே எடுக்கலாம், எடுக்கணும்.

"அப்போ வெயிலே போதுமே?" என்று கேட்பீர்கள். போதாது. எவ்வளவு நீல ஒளி தோலில் பட்டது என்று வெயிலில் அளக்க முடியாது. குழந்தை குளிர்ந்தும் போகலாம், நீர் வற்றியும் போகலாம். "காலையில வெயில் காட்டுறோம்" என்று காத்திருந்து, பாலே குடிக்காத நிலையில் ஐந்தாம் நாள் தூக்கிவரும்போது எங்களுக்கு நேரமே மிச்சமிருக்காது.

டிஸ்சார்ஜ் ஆனபிறகு வீட்டில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலை மெல்ல அழுத்தி எடுத்தால் மஞ்சள் தெரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, வெள்ளையாக மலம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் இன்னும் கவனம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பரணில் இருந்த பழைய துணியைப் பாச்சை உருண்டை வாசனையோடு அப்படியே போர்த்தவும் வேண்டாம். ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அதுவே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.