ஆசாரியன் போகாத இடத்துக்கு

எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு பாறைச் சரிவில், புனித அந்திரேயா ஆலயத்துக்குப் பக்கத்தில், வரிசையாகக் கல்லறைக் குகைகள் உண்டு. 1979இல் தொல்லியலாளர் காபிரியேல் பர்காய் அங்கே தோண்டியபோது பெரும்பாலான குகைகளில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கொள்ளையர்கள் எப்போதோ முந்திக்கொண்டிருந்தார்கள். கூடமாட உதவ வந்த பையன் ஒருவன், சும்மா இருக்க மாட்டாமல் சுத்தியலால் தரையைத் தட்டினான். தரை என்று எல்லாரும் நினைத்திருந்தது உடைந்துபோனது. அடியில் எலும்புகள், பானைகள், நகைகள். அவற்றுக்கு நடுவே சிகரெட் துண்டு அளவில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள்.

அவற்றை விரிக்கவே மூன்று ஆண்டுகள் ஆயின. பெரியது 97 மி.மீ. நீளம், சின்னது 39 மி.மீ. முடி கனத்தில் கீறிய எபிரெய எழுத்துகளில் முதலில் பிடிபட்டது கடவுளின் நான்கெழுத்துப் பெயர். பிறகுதான் தெரிந்தது, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஆரோனும் அவன் குமாரரும் ஜனங்கள்மேல் கூறவேண்டிய ஆசீர்வாதம் இது என்று. சாக்கடல் சுருள்களைவிட ஏறக்குறைய 400 ஆண்டு மூத்தது, பாபிலோனியர் கி.மு. 586இல் ஆலயத்தை எரிப்பதற்குச் சற்று முன்பின்னான காலம்.

என்னை உறுத்துவது அது கிடந்த இடம். லேவியராகமம் 21இன்படி ஆசாரியன் பிணத்தண்டை போகக்கூடாது. பெற்றோர், பிள்ளைகள், சகோதரன், மணமாகாத சகோதரி என நெருங்கிய உறவுக்கு மட்டும் விலக்கு. பிரதான ஆசாரியனுக்கு அதுவும் கிடையாது. தீட்டு அவ்வளவு கண்டிப்பு. ஆனால் அவன் வாயின் சொற்களை யாரோ வெள்ளியில் கீறிச் சுருட்டி, கயிறு கோத்து அணிந்திருக்கிறார்கள். அவை எலும்புகளோடு எலும்பாகக் கல்லறைக்குப் போயிருக்கின்றன. பரிசுத்தத்துக்கு வேலி போட்டவர்களால் இதைத் தடுக்க முடியவில்லை, ஒருவேளை தடுக்க நினைக்கவுமில்லை.

வேலிக்கு வெளியே அந்தச் சொற்கள் தாராளமாகவே நடமாடின. கி.பி. 70இல் இரண்டாம் ஆலயமும் போய், பலி நின்றது, ஆசீர்வாதம் நிற்கவில்லை. ஜெப ஆலயங்களில் ஆரோன் வழிவந்தவர்கள் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டு, போர்வையால் தலையையும் கைகளையும் மூடி அதைச் சொல்கிறார்கள். லூத்தர் 1526இல் தம் ஜெர்மன் ஆராதனை முறையின் முடிவில் அதை வைத்தபோது, சொல்பவர் ஆரோன் வம்சமாக இருக்கவேண்டிய அவசியமும் போயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சாவதற்குள் பழைய ஏற்பாட்டில் ரூத் வரை தமிழாக்கினார். எண்ணாகமமும் அதிலுள்ள இந்த ஆசீர்வாதமும் அதற்குள் அடக்கம்.

தகடுகள் இப்போது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். கலிபோர்னிய ஆய்வாளர்கள் அவற்றை மறுபடி நுணுக்கமாகப் படமெடுத்து, 2004இல் புதிய வாசிப்பை வெளியிட்டார்கள். எண்ணாகமம் அப்போதே நூலாக இருந்தது என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. வாய்மொழியாக வழங்கியதையும் தட்டான் கீறியிருக்கலாமே. சின்னத் தகட்டில் வேதத்தில் உள்ளபடி முழுதும் இல்லை: காக்கவும் முகம் ஒளிரவும் சமாதானம் தரவும் கேட்கிறது, நடுவில் கிருபை கேட்கும் சொல்லைக் காணோம். இடம் போதாமல் விட்டானா, அவனுக்குத் தெரிந்த ஆசீர்வாதமே அவ்வளவுதானா? இரண்டாவதுதான் என்பது என் கட்சி.