உறுதியும் உரிமையும்: பர்மாச் செட்டிமார் பற்றிச் சில குறிப்புகள்

வடக்கில் முதலிடுங்கள் என்ற குரல் புலம்பெயர்ந்த எம்மவர் மத்தியில் அவ்வப்போது எழுகிறது. வீதி போட்டாயிற்று, மின்சாரம் வந்தாயிற்று, இனிப் பணந்தான் குறை என்பது அதன் சாரம். மறுப்பவர்கள் அரசியலைக் காட்டி மறுக்கிறார்கள். அந்தப் பணம் யாருடைய சட்டத்தை, யாருடைய பதிவேட்டை, யாருடைய நீதிமன்றத்தை நம்பி நிற்கப்போகிறது என்ற கேள்வியை இரு சாராரும் தொடுவதில்லை. இந்தப் பாடத்தை நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பர்மாவில் பெருநட்டப்பட்டுப் படித்தார்கள்.

யாழ்ப்பாணத்தவருக்குச் செட்டிமார் என்றதும் கொழும்புச் செட்டியார் தெருவும் அறாவட்டியுமே நினைவுக்கு வரும். அது அரைகுறையான சித்திரம். கடையை நடத்த அனுப்பப்பட்ட மேலாளுக்கு மூன்று வருடத் தவணை. தவணை முடிவில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஒரு கடையின் உண்டியலை இன்னொரு ஊரில் இன்னொரு கடை மாற்றிக் கொடுக்கும். இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். கோயிலே வங்கிச் சபையாகவும் பஞ்சாயத்தாகவும் இருந்தது. சொந்தச் சாதிக்குள் இது அரச நீதிமன்றத்தை விட விரைவாக வேலை செய்த நிறுவனம் என்றே கருதுகிறேன். இவ்வளவு நம்பிக்கையும் சாதி எல்லையோடு நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடன் வாங்கியவன் அந்த எல்லைக்கு வெளியே இருந்த பர்மிய விவசாயி. அவனைக் கட்டுப்படுத்தக் கோயில் உதவாது, ஈடு வேண்டும். அந்த ஈட்டைப் பிரித்தானியர் உண்டாக்கிக் கொடுத்தார்கள். 1876ஆம் ஆண்டின் காணி வருமானச் சட்டப்படி, கீழ்ப்பர்மாவில் காடு வெட்டிப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து வரி கட்டியவனுக்கு, விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய நிரந்தர உரிமை கிடைத்தது. சுயஸ் கால்வாய் 1869இல் திறந்ததால் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை ஏற்கெனவே இருந்தது. 1855இல் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப்பர்மா நெல்வயல், 1930களில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரை எட்டியது. வெள்ளையர் வங்கிகள் விவசாயியை அண்டவில்லை. செட்டிக்குக் கொடுத்தன, செட்டி விவசாயிக்குக் கொடுத்தார். 1929-30இன் வங்கி விசாரணைக் குழு பர்மாவில் சுமார் 1,650 செட்டிக் கடைகளையும், அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது.

பிறகு நெல்விலை விழுந்தது. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு வீதமான வயல் செட்டிமார் கையில் இருந்தது. 1938இல் இருபத்தைந்து வீதம். அவர்களுக்கு வயல் தேவைப்படவில்லை, பணமே தேவைப்பட்டது. வாங்க ஆளில்லாததால் வயல் கையில் தங்கியது. ஆனால் இந்த விளக்கம் காரைக்குடியிலிருந்து பார்ப்பவருக்குத்தான். காடு வெட்டிய பர்மியனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் நிலம் அந்நியனுடையதாயிற்று என்பது. அதைச் சாதித்த நீதிமன்றமும் அந்நியனுடையதே. 1930 டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி வெடித்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது, 1941இல் காணி கைமாறுதலைத் தடுக்கும் சட்டம், 1942இல் ஜப்பானியர், 1948இல் காணி தேசியமயச் சட்டம். 1963இல் வங்கிகளையும் இராணுவ அரசு எடுத்தது. செட்டிநாட்டுப் பெட்டகங்களில் உறுதிகள் மட்டும் மிஞ்சின.

பர்மியச் சட்டத்தின் அண்ணன் ஒன்று நாங்கள் வாழும் நியூசிலாந்தில் உண்டு. 1865ஆம் ஆண்டின் சுதேசிகள் காணிச் சட்டம், குலத்துக்குப் பொதுவான மாவோரி நிலத்தைப் பத்துக்கு மேற்படாத பெயர்களில் பதிய வழிசெய்தது. ஒரு குலம் முழுவதையும் இணங்கச் செய்வதிலும் பத்துப் பேரிடம் வாங்குவது சுலபமல்லவா! ஒக்லாந்து ஒராக்கேயில் ங்காத்தி பாத்துவா மக்களின் நிலம் பதின்மூன்று பேர் பெயரில் பதியப்பட்டது; விற்க முடியாது என்ற நிபந்தனை இருந்தும் 1950களின் தொடக்கத்துக்குள் அனேகமாக எல்லாமே போயிற்று. எஞ்சிய பகுதியை அரசு வீடுகட்ட விற்க முனைந்தபோது, 1977 ஜனவரியில் பாஸ்ரியன் பொயின்ற் மேட்டில் குடியேறியவர்கள் 506 நாட்கள் இருந்தார்கள். 1978 மே 25 அன்று 222 பேர் கைதானார்கள். என்னோடு இரவு வேலை செய்யும் மாவோரி ஒருவருக்கு இந்த எண்கள் மனப்பாடம். 1991இன் ஒராக்கேய்ச் சட்டம் நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

நிலத்தை இலகுவில் விற்கவும் ஈடு வைக்கவும் முடிந்தால் முதல் ஓடிவரும் என்று பொருளியலாளர் சொல்கிறார்கள். ஓடி வந்ததுதான், பர்மாவிலும் வந்தது, இங்கும் வந்தது. எமது தேசவழமை வேறு திசையில் யோசித்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த வடிவில், காணியை வெளியாருக்கு விற்குமுன் உரித்தாளிக்கும் பங்காளிக்கும் ஒற்றி பிடித்த அயற்காணிக்காரனுக்கும் அறிவிக்க வேண்டும். 1947இன் சட்டம் இந்த முன்வாங்கும் உரிமையைச் சுருக்கியது. சாதியையும் அது கட்டிக் காத்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பணம் உள்ளவன் வந்தவுடன் நிலம் கைமாறாதபடி ஒரு தடை அதில் இருந்தது. இன்று வெளிநாட்டுப் பணத்தோடு ஊருக்குப் போகும் நாங்கள், குத்தகைக்காரனுக்கும் நிலமற்றவனுக்கும் யாராகத் தெரிவோம்? செட்டியாராகத்தான்.

அதே வேளை, உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே நிற்பவர்களும் நாங்களே. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்து வருடம் எதிராட்சி செய்தவன் காணிக்கு உரிமை கோரலாம். போரால் ஊரைவிட்டு ஓடியவனுக்கு இது அநியாயம் என்பதால் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் தம் உரிமையைக் கோர முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது இடமளித்தது. ஆனால் சட்டத்தின் ஆயுள் இரண்டே வருடம். முதலீட்டுக்கு அழைக்கும் கூட்டங்களில் இதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு வருடத்துள் வழக்குப் போட்டவர்கள், போட முடியாமற் போனவர்கள் எம் வாசகர்களில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் அனுபவத்தை இவ்விதழுக்கு எழுதினால், இந்த விவாதத்தை வெறும் ஊகத்தில் நடத்த வேண்டியிராது.