கலைக்களஞ்சியப் பணியும் கைம்மாறு கருதா உழைப்பும்

ஒரு மொழியிற் கலைக்களஞ்சியம் தோன்றுவதற்குப் பெரும்பொருளும் அரசின் ஆதரவும் அறிஞர் குழுவும் இன்றியமையாதன என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். தமிழின் வரலாறு இக்கருத்தை முழுமையாக ஆதரிப்பதாக இல்லை. அகரவரிசையில் அமைந்த முதலாவது தமிழ்க் கலைக்களஞ்சியம் எனப் பலராலும் கொள்ளப்படும் ‘அபிதானகோசம்’ 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. அக்காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகக் கல்லூரிதானும் இருக்கவில்லை. அது 1921இலேதான் வந்தது. புராண மாந்தர், புலவர், அரசர், ஊர், நூல் என விரிந்த ஒரு பெரும்பரப்பைத் தனியொருவர் தம் ஓய்வையும் உடலையும் செலவிட்டுத் தொகுத்தார் என்பதை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம்.

இதற்கு முன்னோடிகளும் ஈழத்தில் இருந்தனர். சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் 1859இல் வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது. தமிழகத்தில் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. பொருளுதவி தேடி அலைந்த முதலியாருக்குக் கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். இரண்டாம் பதிப்பு 1934இல் வெளிவந்தபோது முதலியார் உயிரோடு இல்லை.

குழுவாக இயங்கிச் செய்த முதற் பெருமுயற்சி தமிழ் வளர்ச்சிக் கழகத்தினது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தலைமையிற் கழகம் இயங்க, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளிக்கொணர்ந்தனர். அப்பணிக்கு அலுவலகம் இருந்தது. ஊதியம் பெறும் ஆசிரியர் குழு இருந்தது. அரசின் பொருளுதவியும் இருந்தது. இலங்கையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அரசின் பொறுப்பிற் சிங்களக் கலைக்களஞ்சியப் பணி நடைபெற்று, முதலாம் தொகுதி 1963இல் வெளியாயிற்று. ஈழத்துத் தமிழருக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. நமது மரபு முத்துத்தம்பிப்பிள்ளையின் மரபாகவே, அதாவது தனிமனிதர் தம் கைப்பொருளையும் காலத்தையும் ஈந்து செய்யும் மரபாகவே நீண்டது. இந்தப் பின்னணியை மனங்கொண்டே விக்கிப்பீடியாவை நோக்குதல் வேண்டும்.

விக்கிப்பீடியா 2001 சனவரி 15இல் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவருக்கும் கூலி இல்லை என்பன அதன் அடிப்படை விதிகள். தமிழ்ப் பதிப்பு 2003 செப்ரெம்பரில் உருவாகியபோது அதிற் பொருளென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அவ்வாண்டு நவம்பரில் இ. மயூரநாதன் அதனுள் வந்தார். யாழ்ப்பாணத்தவர், கட்டடக்கலைஞர், ஐக்கிய அரபு இராச்சியத்திற் பணியாற்றியவர். தளத்தின் இடைமுகத்தை அவர் தமிழாக்கினார். பின்னர் கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். ஆரம்ப மாதங்களில் அவர் எழுதியவற்றை வாசிக்க எத்தனைபேர் இருந்திருப்பர் என்று எண்ணிப்பார்க்கையில் வியப்பே மேலிடுகின்றது. பின்னர் ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். 2017 மே மாதத்திற் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கிற்று. ஆக்கியோன் பெயர் அற்ற கட்டுரைகளை எழுதியவருக்கு இலக்கிய விருது வழங்கப்பட்டமை நமது விருது வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி எனலாம்.

கூட்டு முயற்சி என்று சொல்லப்படுவனவற்றின் சுமையை மிகச் சிலரே தாங்குவது புதிய செய்தியன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோ பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் நூற்றுக்கு மேற்பட்டோரின் ஆக்கம் என்று நாம் படிக்கின்றோம். ஆயின் அதன் கட்டுரைகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை, சுமார் 17,000 கட்டுரைகளை, லூயி த ழோகூர் என்ற ஒருவரே ஊதியம் பெறாது எழுதினார். திதரோவின் பெயர் நிலைத்தது. ழோகூரின் பெயரை அறிஞரன்றிப் பிறர் அறியார்.

எனினும் பழைய முறைக்கும் இதற்கும் இடையில் ஒரு பெருவேறுபாடு உண்டு. அபிதானகோசத்தைப் பயில்வோர் அதன் ஆசிரியர் எதை எழுதி எதை அடித்தார் என்பதை அறியமாட்டார். விக்கிப்பீடியாவிலோ ஒவ்வொரு திருத்தமும், அதைச் செய்தவரின் பெயரும் நேரமும், நீக்கப்பட்ட சொல்லும் சேர்க்கப்பட்ட சொல்லும் அப்படியே பதிவாகியிருக்கும். ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடி ஒப்புநோக்கிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு இத்தகைய பதிவு கிடைத்திருந்தால் அவர் பட்ட இன்னல்களிற் பாதி குறைந்திருக்கும். பாடபேதங்கள் அனைத்தையும் தன்னகத்தே வைத்திருக்கும் நூல் இது. பொதுவிடயங்களைப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருக்கின்றனர். ஊர்ப்பொதுவில் நிகழும் சச்சரவு அனைத்தும் அங்கும் நிகழும்.

அச்சச்சரவுகளுள் மொழிபற்றியன சுவையானவை. தளத்தின் பெயரில் ‘ப்’ இரட்டிக்க வேண்டுமா என்பதே வாதத்துக்குரிய பொருளாயிற்று. ஜனவரியா சனவரியா, கிரந்த எழுத்தைக் கொள்வதா தள்ளுவதா என்ற வினாக்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. வெளியே நின்று பார்ப்போர் இவற்றை வீண் வாதம் என்பர். நுகேகொடையில் வாழும் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எமது ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் ‘கொட’ என முடியும் இடப்பெயர்களை ஈழத்துத் தமிழர் ‘கொடை’ என ஐகார ஈற்றில் வழங்குவர். அவ்வாறே வெள்ளவத்தை, தெஹிவளை, மருதானை, பொறளை. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதும் தமிழக ஏடுகளில் எமது ஊர் ‘நுகேகோடா’ ஆகிவிடுகின்றது. கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, கறுவாத்தோட்டம், புறக்கோட்டை ஆகிய பெயர்களையும் ஆங்கில வழியே மீட்டெடுத்தல் இயலாது. இவை பல தலைமுறைகளாகக் கொழும்பில் வாழ்ந்த தமிழ்பேசும் மக்கள் ஆக்கிய வடிவங்கள். ஒரு பெயரைத் திருத்துபவர் எழுத்துப்பிழையை மாத்திரம் திருத்தவில்லை. அவ்வூரில் தமிழ் வழங்கியமைக்கான சான்றையும் காக்கின்றார். இரு நாட்டு வழக்குகளுக்கும் இடமளிக்கும் நிலைப்பாட்டுக்குத் தமிழ் விக்கிப்பீடியர் வந்தமைக்கு ஈழத்தவர் தொடக்கத்திலேயே அங்கு இருந்தமை முக்கிய காரணம் என்பது என் கருத்து.

கூலியில்லா உழைப்பின் இயல்பை விளக்கும் பிறிதொரு நிகழ்ச்சியும் உண்டு. 2009இல் தொடங்கிக் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, கணினிக் கருவியின் துணையோடு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவிற் சேர்ப்பித்தது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கையும் விரைந்து பெருகிற்று. ஆயின் தமிழ் வாசகர் தேடாத பொருள்கள் பல இருந்தன. வாக்கியங்கள் ஆங்கில அமைப்பில் முறுக்கிக்கொண்டு கிடந்தன. எழுதியவரோ தம் வேலை முடிந்ததும் சென்றுவிட்டார். அவற்றைத் திருத்தும் பொறுப்பு ஊதியமற்ற தொண்டர் தலையில் விழுந்தது. இதே முயற்சியை எதிர்கொண்ட வங்காள விக்கிப்பீடியர் அக்கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழர் பேச்சுவார்த்தையை நாடினர். தலைப்புத் தெரிவிலும் மொழித்தரத்திலும் மாற்றம் வேண்டினர். 2010இற் போலந்தில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் இத்திட்டம் பற்றிய மதிப்பீட்டையும் முன்வைத்தனர். எவ்வழி சிறந்தது என்பதில் எனக்குத் தெளிவில்லை. அக்காலக் கட்டுரைகள் சில இன்றும் எவராலும் தீண்டப்படாது கிடக்கக் காணும்போது வங்காளியர் செய்ததே சரியோ என்று ஐயுறுவதுண்டு.

இனி, ஈழத்தவருக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றைக் கூறவேண்டும். விக்கிப்பீடியாவில் எழுதுபவர் தாம் அறிந்ததை எழுதலாகாது. வெளியிடப்பட்ட நம்பத்தகுந்த சான்று சொல்வதையே எழுதவேண்டும். சான்று இல்லாத வாக்கியத்தின் பக்கத்திற் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு ஏறும். விதி நேரியதே. ஆனால் அது நூலகங்கள் நிலைத்து நிற்கும் நாடுகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட விதி. 1981 யூன் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தது. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரியூட்டப்பட்டபோது அவ்வீடுகளின் அலுமாரிகளில் இருந்த சஞ்சிகைகளும் மலர்களும் குடும்ப ஏடுகளும் உடன் எரிந்தன. சான்று கேட்கும் களஞ்சியம் ஒருபுறம், சான்று சாம்பலான சமூகம் மறுபுறம். இக்காரணத்தினாலேயே 2005 தைப்பொங்கலில் ஆரம்பித்த நூலகத் திட்டம் விக்கிப்பீடியாப் பணியின் மறுபாதி எனக் கருதத்தக்கது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடிப் பொதுவிற் பார்வைக்கு வைக்கும் அத்திட்டமும் தொண்டர்களால் தொடங்கப்பெற்றதே. ஒரு மலரின் பக்கங்களைப் பொறுமையாக மின்வருடுபவர் கட்டுரை எதனையும் எழுதுவதில்லை. ஆயின் பிறர் பலர் எழுதத்தக்க நிலையை உருவாக்குகின்றார்.

இவ்விடத்தில் ஓர் அனுபவத்தைக் குறிப்பிடுதல் பொருந்தும். கொட்டாஞ்சேனையில் வாழும் முதியவர் ஒருவர் இளமையில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். அறுபதுகளிற் சில இதழ்களோடு நின்றுபோன ஓர் இலக்கியச் சஞ்சிகையைத் தாம் அச்சுக்கோத்ததாக அவர் சொன்னார். ஆசிரியர் யார், எத்தனை பக்கம், எந்த எழுத்துரு, முதலாம் இதழின் அட்டை எந்நிறம் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. விக்கிப்பீடியாவில் அதுபற்றிய மூன்று வரிக் குறுங்கட்டுரை ஒன்றை எழுதினேன். ஒரு கிழமைக்குள் மூன்று வரிகளுக்கும் சான்று கேட்டுவிட்டார்கள். அதை அவருக்கு எப்படி விளக்குவது? “தம்பி, நான் கையால கோத்த எழுத்துக்கு நானே சாட்சி இல்லையோ?” என்று கேட்டார். மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை.

சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டைக் காலிசெய்தவர்கள் கட்டாகக் கட்டிவைத்த தாள்களிடையே அச்சஞ்சிகையின் இரண்டாம் இதழ் அகப்பட்டது. அட்டையும் முதல் நான்கு பக்கங்களும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் தெளிவாகவுள்ளன. முதியவரிடம் கொண்டுசென்று காட்டினேன். விரலால் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் தலைகீழாக விழுந்திருந்த ஓர் எழுத்தைச் சுட்டிச் சிரித்தார். கட்டுரையின் இரு வரிகளுக்கு இப்போது சான்று உண்டு. ஆசிரியரின் பெயர் முதற் பக்கத்தில் இருந்திருக்கும். அந்த வரியின் பக்கத்திற் ‘சான்று தேவை’ என்பது இன்னும் நிற்கின்றது.